அவன் கொடுத்தது

முடி கொட்டுவது ஒரு வேதனை என்றால், கொட்டுகிற தலையைத் தேடிக்கொண்டு மருந்தோடு வருகிறவர்கள் இன்னொரு வேதனை. ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அந்த மருந்துகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வெங்காயச் சாறு வந்தது. அட்டைப்பூச்சியைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வந்தது. அதைத் தடவியவர் பக்கத்தில் யாராலும் உட்கார முடியவில்லை, அதோடு அதுவும் போனது. சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேட்டரி சீப்பு வந்தது. இப்போது எல்லாம் கைப்பேசியில்தான் வருகிறது. முதல் படத்தில் வழுக்கை, அடுத்த படத்தில் காடு. ஒவ்வொன்றும் இதுவரை உலகத்தில் யாருமே கண்டுபிடிக்காதது. கண்டுபிடித்த மகராசனின் தலையை மட்டும் எவனும் காட்ட மாட்டான். நம் தலையில் மிளகாய் அரைப்பதென்றால் எவ்வளவு உற்சாகம் இவர்களுக்கு!

இப்படி எடுத்தெறிந்து பேசுகிறவளாகத்தான் பவளமும் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, கொழுந்து பறித்து, மலைச்சரிவில் கால் வழுக்க ஆரம்பித்த வயதில் தொழிற்சாலைக்குள் தேயிலை சலிக்கிற வேலைக்கு மாறியவள். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. தங்கை இறந்தபோது அவள் மகன் மகேனைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். அவ்வளவுதான் அவள் குடும்பம்.

லயத்தில் அவள் வாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இரண்டு வீட்டுக்கு நடுவே சண்டை வந்தால், பவளம் என்ன பார்த்தாள் என்று கேட்பார்கள். அவள் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். இனிக்க இனிக்கப் பேச அவளுக்கு வராது, பொய்யும் வராது.

இன்னொரு பழக்கமும் உண்டு. முருகன் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். 'அவன்' என்பாள். மழை விட்டால் அவன் விட்டான். புருஷனை அவன் எடுத்துக்கொண்டான். மகேனை அவன் கொண்டுவந்து கையில் கொடுத்தான். லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் எந்த அவன் என்று கேட்டதில்லை.

மகேன் வளர்ந்து திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டினான். நல்ல பையன், கலகலப்பான பையன். ஒரு நாள் பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது எதிரே வந்த கார் அடித்துத் தூக்கிப் போட்டது. தலையில் அடி, காலில் எலும்பு நொறுங்கிப்போயிற்று. ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர்கள் முகத்தைப் பார்த்தே பவளத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. வராந்தாவில் நின்றபடி தன் சடையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். முழங்கை தடிமனுக்குச் சடை, இடுப்புக்குக் கீழே தொங்கும். அவளிடம் அழகு என்று இருந்தது அது ஒன்றுதான், அது அவளுக்கும் தெரியும். இவனைத் திருப்பிக் கொடு, இதை எடுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டாள்.

மகேன் மயிரிழையில் தப்பினான். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவனையே கூட்டிக்கொண்டு ஈப்போ மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாள். சடை விழுந்தபோது அவள் அழவில்லை. தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கீங்க பெரியம்மா என்று சொல்லி மகேன்தான் அதைப் படம் பிடித்தான்.

முடி திரும்ப வளர்ந்தது. வளராமல் என்ன செய்யும்? கத்தி வெளியே இருந்ததைத்தான் எடுத்தது, வேர் உள்ளே அப்படியே இருந்தது. காதை மூடி, கழுத்துக்கு இறங்கி, தோளைத் தாண்டி முன்பைவிட அடர்த்தியாகவே வந்தது.

மகேனுடைய கால்தான் சரியாகவில்லை. முட்டி மடங்காது. லோரி ஏற முடியாது. இருபத்தாறு வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவான், திரும்பப் போய்ப் படுப்பான். பவளம் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுத் திலகாவிடம், ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். எதற்கு என்று திலகாவும் கேட்கவில்லை.

அந்த நிலைமையில்தான் ஈப்போவிலிருந்து எவனோ ஒருவன் கைப்பேசியில் பிடித்து, மகேனை முடிமருந்து ஏஜெண்ட் ஆக்கினான். மருந்தின் பெயர் நீலக்குந்தளம் கோல்ட். பச்சை பாட்டில். செத்த வேரையும் உயிர்ப்பிக்கும் என்றார்கள். டாக்டர் கைவிட்ட தலையிலும் முளைக்கும், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் நிரூபித்தது, பக்கவிளைவே கிடையாது. பவளம் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெயும் ஏதோ வாசனையும்தான் இருந்தது. செத்ததை எழுப்புவதாக இருந்தால் முதலில் என் புருஷனுக்குத் தடவுகிறேன் என்று சொன்னாள். மகேன் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்து அவளும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது மகேன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். பெரியம்மாவுக்கு முடி எப்படி இவ்வளவு நல்லா வளர்ந்தது என்று கேட்டான். விளையாடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எல்லாம் அவன் குடுத்ததுதான்லா," என்றாள். "அவன் இல்லன்னா எனக்கு ஏது?"

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையில் தேநீர் நேரத்தில் கூட வேலை செய்கிற ஒருத்தி அந்த வீடியோவைக் காட்டினாள். முதலில் பவளத்தின் மொட்டைத் தலை. தலையில் இருந்த சந்தனத்துக்குக் கீழே 'முதல் நாள்: மூலிகைப் பூச்சு' என்று எழுதியிருந்தது. அடுத்து வாசலில் முடி உலர்த்துகிற பவளம், எல்லாம் அவன் குடுத்ததுதான் என்கிறாள். அந்த வார்த்தை முடிவதற்குள், பச்சை பாட்டிலைக் கையில் பிடித்தபடி மகேன் சிரித்துக்கொண்டு வருகிறான்.

சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அந்த மொட்டை தெரியும், அந்த அவனையும் தெரியும். பவளத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும், உன் உயிருக்காக நான் கொடுத்ததை வைத்து வியாபாரம் பண்ணுகிறாயா என்று பிடித்துக்கொண்டாள்.

மகேன் கோபப்படவில்லை. அதுதான் அவளை மடக்கியது.

"நீங்க பொய் சொன்னீங்களா பெரியம்மா? இல்லையே. அவன்னு சொன்னீங்க. நானும் எங்கயும் என் பேரைப் போடல. கேக்குறவங்க எப்படி எடுத்துக்குறாங்களோ எடுத்துக்கட்டும்லா."

அழித்துவிடு என்றாள். சரி என்றான், அழிக்கவில்லை. அவளும் அடுத்த வாரம் கேட்கவில்லை. ஏனென்றால் பாட்டில்கள் போக ஆரம்பித்திருந்தன. கிள்ளானிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் கேட்டார்கள். மகேன் காலையிலேயே எழுந்து குளித்தான், சட்டை போட்டான், பொட்டலம் கட்டினான். திலகாவிடம் கண் வைக்கச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எண்ணெய்தானே, யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது, தடவிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவார்கள் என்று பவளம் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். தான் சொன்னது முருகனைத்தான், அது முருகனுக்குத் தெரியும். அப்புறம் என்ன?

அந்தச் சமயத்தில்தான் கத்தரீன் லயத்துக்குக் குடிவந்திருந்தாள். தோட்டத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுக்கிற கடையில் அவளுக்கு வேலை. புருஷன் கிரகரி லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் இருந்தான், வாரத்துக்கு ஒரு தடவை வருவான். முப்பத்தெட்டு வயது, அமைதியான பெண். எப்போதும் தலையில் துணி கட்டியிருப்பாள். பவளத்தோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுத் துணியை அவிழ்த்துக் காட்டினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று என்று வட்ட வட்டமாக முடி இல்லை. தோல் சிவந்து செதிலாக இருந்தது.

ஈப்போவில் தோல் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை, தடவ மருந்து, வெயிலில் போகாதே என்ற உத்தரவு. இது சாதாரண முடி உதிர்வு இல்லை, வேரையே அழிக்கிற நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழிந்த இடத்தில் திரும்ப வராது, ஆனால் மருந்தை விடாமல் எடுத்தால் இருக்கிற முடியைக் காப்பாற்றலாம். அவ்வளவுதான் அவர் வாக்குக் கொடுத்தது. பஸ் ஏறி மலை இறங்கி, பாதி நாள் காத்திருந்து, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவது கத்தரீனுக்கு அலுத்துவிட்டது. மகேன் போட்ட படத்திலோ முழு மொட்டையிலிருந்து தோள் வரைக்கும் முடி. அதுவும் பக்கத்து வீட்டு அக்காவின் தலையில், தொட்டுப் பார்க்கிற தூரத்தில்.

அவள் பவளத்திடமே கேட்டாள். மாலையில், பவளத்தின் சமையலறையில். மகேன் முன்னறையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, மத்தவங்க சொல்றது எனக்கு வேணாம். நீங்க சொல்லுங்க. இந்த முடி நெசமா அதுல வந்ததா?"

முன்னறையில் ஒட்டுநாடா இழுக்கிற சத்தம் நின்றது. மகேன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான் என்று பவளத்துக்குப் புரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்?

"அவன் குடுத்ததுதான் கத்தரீன்," என்றாள்.

மனசுக்குள் முருகனைத்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். கத்தரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அப்புறம் முன்னறைக்குப் போய் மகேனிடம் பாட்டில் வாங்கிக்கொண்டாள். ஐயோ, அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா இந்தப் பொம்பளை? திறக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. பவளம் கத்தரீன் வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்திருந்தாள். வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் கத்தரீனே வந்து கூப்பிட்டாள். பின்மண்டை தனக்குத் தெரியவில்லை, கண்ணாடியில் சரியாகப் படவில்லை, சின்னச் சின்னதாக முளைத்திருக்கிறதா பாருங்கள் என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

பவளம் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். முன்பு வட்ட வட்டமாக இருந்தது இப்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் இறங்கியிருந்தது. சிவப்பு இல்லை, செதில் இல்லை. தோல் வழவழவென்று மின்னியது. விரலால் தடவிப் பார்த்தாள். மொட்டை போட்ட தலை அவளுக்குத் தெரியும். அதில் மறுநாளே விரலில் சொரசொரப்பு தட்டும். இதில் ஒன்றுமே தட்டவில்லை.

ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்.

"அத நிறுத்திட்டேனே அக்கா. பாட்டில்ல போட்டிருக்கே, வேற மருந்து எடுத்தா இது வேல செய்யாதுன்னு. ஒங்க வீட்ல வாங்குன அன்னிலேர்ந்து தொடல."

பவளம் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த எழுத்தை அவள் படித்ததே இல்லை. எண்ணெய்தானே, என்ன கெடுதல் என்று நினைத்தாளே, இதுதான் கெடுதல். எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. அது ஒன்றும் செய்யாமல் கிடந்த மாதங்களில்தான் நோய் வேலையை முடித்துவிட்டது.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னாள். விபத்து, வேண்டுதல், மலைக்கோயில், சந்தனம். அவன் என்று சொன்னது முருகனை என்றாள். நான் பொய் சொல்லவில்லை, நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்றும் சொன்னாள். கத்தரீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை எடுத்துத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மாலை மகேன் வழக்கம்போல் கைப்பேசியை நிறுத்திவைத்து நேரலையில் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தபோது பவளம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளம்பரத்துப் பெரியம்மா வந்துவிட்டார் என்று பார்க்கிறவர்கள் பூவும் இதயமும் அனுப்பினார்கள்.

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்," என்றாள் பவளம். "எனக்கு முடி கொட்டல. இந்தப் பையன் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டேன். தலையில இருக்கிறது மருந்து இல்ல, சந்தனம். அவன்னு நான் சொன்னது முருகன. நான் பொய் சொல்லல, நீங்க ஏமாந்துடாதீங்க. டாக்டர் மருந்த யாரும் நிறுத்தாதீங்க."

மகேன் கைப்பேசியை அணைத்தான். கத்தரீனின் தலையைப் பற்றி பவளம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது, அது உண்மை. ஆனாலும் அவன் வாயிலிருந்து வந்தது வேறு. முடியைக் கொடுத்து என்னைக் காப்பாற்றினீர்கள், இப்போது நீங்களே என்னை முடித்துவிட்டீர்கள் என்றான். அந்த வாரமே ஈப்போவில் யாரோ நண்பன் கடைக்கு வேலைக்கு என்று பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினான். போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. திலகாவின் தம்பி மூலமாகத்தான் பவளத்துக்குத் தெரிந்தது.

இதற்குப் பிறகாவது அந்தப் படம் ஒழிந்ததா? எங்கே! சில நாளிலேயே அதே மொட்டைத் தலையை வேறு எவனோ எடுத்து வேறொரு பாட்டிலுக்குப் போட்டிருந்தான். அதில் பவளம் தாய்லாந்துக்காரி.

கத்தரீன் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, நானும் கூட வரட்டுமா என்று பவளம் வாசலில் நின்று கேட்டாள். கத்தரீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கினார்கள். கிரகரிக்கு லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் கத்தரீன் வழியில் சொன்னாள்.

டாக்டர் சின்னப் பெண். தலையைப் பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். திட்டவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று மலாயில் கேட்டார். ஒரு எண்ணெய் தடவினேன் என்றாள் கத்தரீன். பவளத்தின் பெயரைச் சொல்லவில்லை. வழவழப்பான இடத்தில் இனி எந்த மருந்தாலும் முளைக்காது என்றார் டாக்டர். முன்பக்கமும் காதோரமும் மிச்சம் இருக்கிறது, அதைக் காப்பாற்றப் பார்க்கலாம், விடாமல் வரவேண்டும். விடாமல் வந்திருந்தால் பின்னால் இருந்தது தங்கியிருக்குமா என்று கத்தரீன் கேட்டாள். பெரும்பாலும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை எழுதிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

மருந்து வாங்குகிற இடத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பவளம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கத்தரீன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"மகேன் மேல எனக்குக் கோவம் இல்லக்கா," என்றாள். "அவன் விக்கிறவன், அப்படித்தான் பேசுவான். அவன் போட்ட வீடியோவ நான் நம்பவும் இல்ல. அதனாலதான் ஒங்ககிட்ட வந்து கேட்டேன். அந்த எண்ணெய நம்பி நான் மாத்திரைய நிறுத்தல. ஒங்கள நம்பி நிறுத்துனேன்."

பவளம் வாயைத் திறந்தாள். நான் பொய் சொல்லவில்லை கத்தரீன் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மகேனிடம் சொன்னது, நேரலையில் ஊருக்கே சொன்னது, பூசைப் படத்துக்கு முன்னால் நின்று அத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கத்தரீன் துணி கட்டிய தலையோடு சுவரில் ஓடுகிற நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அன்றைக்குத் தன்னிடம் கேட்டவள் இவள். கேட்டது முருகனைப் பற்றி இல்லை.

"பொய்தான் சொன்னேன்," என்றாள் பவளம். "அன்னிக்கு, ஒங்கிட்ட. தெரிஞ்சேதான் சொன்னேன்."

கத்தரீன் தலையை மட்டும் ஆட்டினாள். கவுண்டரில் அவர்களுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள், இருவரும் எழுந்து மருந்து வாங்கப் போனார்கள்.